தைக் கிருத்திகையும் அசைவ டீசலும்

என் மைத்துனன் செந்தில் இருபது வருடத்தில் முதல் முறையாகத் தானே போன் செய்து என்னைத் திருப்பூருக்கு அழைத்தான். "மாமா, பொங்கக் கூட்டமெல்லாம் முடிஞ்சுதுங்க. ஒரு நாலு நாள் வந்து இருந்துட்டுப் போங்க. ட்ரெயினு வேண்டாங்க மாமா, காரை எடுத்துட்டே வாங்க. அதுக்கும் ஒரு ஓட்டம் ஆச்சு."

நெகிழ்ந்துபோய் மனைவியிடம் சொன்னேன். வள்ளி அவனுடைய அக்கா. அவனைச் சிறு வயதிலிருந்து படித்தவள். பூண்டு உரிப்பதை நிறுத்தாமல், "அவன் உங்களைக் கூப்பிட்டானா, காரைக் கூப்பிட்டானா?" என்று கேட்டாள். இதென்ன கேள்வி என்றேன். "போயிட்டு வந்து நீங்களே சொல்லுங்க" என்றாள்.

என் கார் இருபத்திரண்டு வயது டீசல் வண்டி. கம்ப்யூட்டர், சென்சார் என்று நவீன அவயவங்கள் எதுவும் கிடையாது. இரும்பு, எண்ணெய், சத்தம், அவ்வளவுதான். எங்கள் சென்னைக் குடியிருப்பின் சங்கத் தலைவர், "விருந்தாளிங்க வர்ற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் பின்பக்கமா நிறுத்துங்களேன்" என்று கேட்டுக்கொள்வார். பொதுக்குழுவில் என்னைப் பேச வேண்டாம் என்று சொல்வதும் ஏறக்குறைய அதே தொனியில்தான். அதனால் எனக்கும் காருக்கும் இடையே ஓர் அனுதாபம் உண்டு.

திங்கள் மாலை திருப்பூருக்குள் நுழைந்ததும் இடப்பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்; கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே டீக்கடையில் இறங்கி, செந்திலின் கம்பெனி இருக்கும் நெருப்பெரிச்சல் பகுதிக்கு வழி கேட்டேன். கடைக்காரர் இரும்பைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் மரியாதை குறையவில்லை. "ஏனுங்க, மொதல்ல அதைக் கீழ வெச்சுட்டு ஒரு டீ குடிங்க. நெருப்பெரிச்சல் எங்கயும் போயிராது." சென்னையில் இப்படி இரும்போடு போய் வழி கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

என் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருடமாயிற்று. இந்த ஊரில் தைக்கிற ஒவ்வொரு குழந்தைச் சட்டையும் என்னைவிட அதிகம் உலகம் பார்த்திருக்கிறது. எனக்கு முன்னால் ஊர்ந்த லாரியில் அட்டைப்பெட்டிகள் ஐரோப்பியத் துறைமுகப் பெயர்களோடு இருந்தன. டீக்கடை வாசலில் ஒரு கூட்டம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த கூட்டம் தென்மாவட்டத் தமிழில். எனவே வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுதும் நெடுநாள் ஆசையைத் திருப்பூரிலேயே தீர்த்துக்கொள்வதில் தவறில்லை என்று முடிவு செய்தேன்.

நெருப்பெரிச்சலில் செந்திலின் பனியன் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினேன். செந்தில் ஓடி வந்தான். நான் இரண்டு கையையும் விரித்தேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தான்.

"மாஸ்டர், இங்க வந்து பாருங்க. பழைய பம்ப்புங்க. நான் சொன்னேன்ல!"

விரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சோம்பல் முறித்தேன். வள்ளிக்கு உடனே போன் செய்ய வேண்டாம் என்றும் முடிவு செய்தேன்.

மாஸ்டர் என்று வந்தவர் ரங்கசாமி. அறுபது வயது, நெற்றி நிறைய திருநீறு, வெள்ளை வேட்டி. நாற்பது வருடம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். செந்தில் சாயம் போடும் வேலையை வெளியே கொடுத்த பிறகு லேப் மட்டும் அவர் பொறுப்பில் இருக்கிறது. அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். இந்த ஊரில் எல்லாரும் துணியை அப்படித்தான் பார்க்கிறார்கள். 'ஹேண்ட் ஃபீல்' என்று பெயர். வணக்கம் சொன்ன கையோடு என் சட்டை நுனியைத் தேய்த்தார். "இது நம்மூருது இல்லீங்க சாமி" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, இன்ஜினிலிருந்து கசிந்த டீசலையும் தொட்டுத் தேய்த்தார்.

காபி வந்த பிறகு விஷயம் வந்தது. நெதர்லாந்தில் ஒரு நிறுவனம். குழந்தைகளுக்கான கோடைக்கால டீ-ஷர்ட். வியாழக்கிழமை அவர்கள் சார்பில் ஹன்னா என்ற பெண்மணி கம்பெனியைப் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் ஆர்டர். இல்லையென்றால் இரண்டாவது ஷிப்டை மூட வேண்டும். அறுபது பேருக்கு வேலை இல்லை. செந்தில் இதைச் சொல்லும்போது மட்டும் காபியைக் கீழே வைத்தான்.

"உங்க பசுமை முயற்சிகள் என்னென்னன்னு மெயில்ல கேட்டிருந்தாங்க மாமா. சோலார் பேனலுன்னு எல்லாரும் எழுதறாங்க. நம்ம கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டும்னு, கேன்டீன்ல பொரிச்ச எண்ணெயில எங்க கார் ஓடுது, விருந்தாளிகளை அதுலதான் கூட்டிட்டு வர்றோம்னு எழுதிப் போட்டேன்."

"ஓடுகிறதா?"

"இல்லீங்க. அவங்க, 'அருமை, நான் அந்தக் கார்லயே வர்றேன்'னு பதில் போட்டுட்டாங்க."

அவனுடைய சொந்தக் கார் போன வருடம் வாங்கியது. அதில் ஒரு சொட்டு வேறு எண்ணெய் விட்டால்கூட வாரண்டி போய்விடும் என்று விற்றவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணெயையும் தாங்கும் பழைய பம்ப் உள்ள டீசல் காரைத் தேடியபோது, கொங்கு நாட்டில் அத்தனை பேரும் புது வண்டி வைத்திருக்கிறார்கள் என்ற சோக உண்மை தெரிய வந்திருக்கிறது. கடைசியாக நினைவுக்கு வந்தவன் அக்கா வீட்டுக்காரன்.

"பொய்யை நெசமாக்க மூணு நாள் இருக்குதுங்க மாமா" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார்கள். இடியாப்பத்தின் கொங்குநாட்டு உறவு. மூன்றாவது தட்டில் நான் என் காரைச் சந்தகைக்கு விற்றுவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனைகளோடு. முந்தின நாள் இரவு செல்போனில் பயோடீசல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, கண்ணெரிச்சலும் அரைகுறை ஞானமும் பெற்றிருந்தேன்.

"பொரித்த எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது" என்றேன். "பம்ப் அடைத்துப் போகும்."

"அய்ய, அப்படியே யாருங்க ஊத்துவாங்க" என்றார் மாஸ்டர். "வாங்க, காட்டறேன்."

கம்பெனிக்குப் பின்னால் திறந்தவெளி ஷெட். அதில் சாயத்துக்குச் சாம்பிள் போடும் சின்ன எவர்சில்வர் மெஷின் ஒன்று வேலையில்லாமல் கிடந்ததை மீட்டு, நான்கு மாதமாக அதில் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, அதிலுள்ள தண்ணீரை விரட்ட வேண்டும். காஸ்டிக் சோடா எவ்வளவு தேவை என்று சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கிட வேண்டும். அதை மெத்தனாலில் கரைத்து எண்ணெயோடு கலக்கிச் சூடாக வைத்தால், சில மணி நேரத்தில் அடியில் வெல்லப்பாகு மாதிரி கிளிசரின் தங்கும். மேலே தேன் நிறத்தில் எரிபொருள் நிற்கும். மேலே உள்ளதைத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, அசிட்டிக் அமிலம் காட்டி, காயவைக்க வேண்டும்.

"நாப்பது வருஷமாத் துணிக்குப் பண்ணுனதுதானுங்க" என்றார் மாஸ்டர். "காஸ்டிக்கு, சூடு, கழுவலு, அசிட்டிக்கு. இதுல துணி மட்டும் இல்ல, அவ்வளவுதான்."

மெத்தனால் இருந்த இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. விஷம், குடித்தால் கண் போகும், தீப்பொறி பட்டால் ஷெட்டே போகும். ஆகவே உரிமம், கையுறை, முகமூடி எல்லாம் வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மூக்கிலும் ஒரு முகமூடியை மாட்டி இரண்டடி தள்ளி நிறுத்தினார். என் அரைகுறை ஞானத்துக்கு அவர் எதிரில் வேலை குறைவாகவே இருந்தது.

மிச்சமிருந்ததை வைத்துப் பேரம் பேசினேன். பயோடீசல் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். எனவே கெமிக்கல் தாங்கும் குழாயை ஒரு சுருள் வாங்கி இன்ஜின் முழுக்க மாற்ற வேண்டும். டேங்கில் இருபத்திரண்டு வருடமாக ஒட்டியிருக்கும் கசடையெல்லாம் அது கரைத்துக்கொண்டு வரும். எனவே ஃபில்டர் மூன்று வாங்கி வைக்க வேண்டும். முதல் நாளே முழுசாக ஊற்றக் கூடாது. செவ்வாய் ஐந்தில் ஒரு பங்கு, புதன் பாதிக்குப் பாதி, வியாழன்தான் முழுவதும். ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒவ்வொரு தடவை காய்ச்சியதையும், நான் சோதித்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

"அப்ப நீங்கதான் வாங்கற பையர், அப்ரூவல் குடுக்கறது" என்றார் மாஸ்டர் மகிழ்ச்சியாக. ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் அட்டை போட்டிருந்தார்; துணிக்குப் போடுவது போலவே. எந்த எண்ணெய், எத்தனை தடவை பொரித்தது, எவ்வளவு காஸ்டிக், எத்தனை கழுவல் என்று வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம்.

அட்டைகளில் ஒரு கட்டம் புரியவில்லை. சிலவற்றில் 'சை', சிலவற்றில் 'அ' என்று இருந்தது.

"சைவம், அசைவமுங்க."

"டீசலிலா?"

"கேன்டீன்ல புதன்கிழமை மீன் பொரிக்கறாங்கல்லங்க. அந்த எண்ணெய் வேற லாட்டு. வடை, பஜ்ஜி, சமோசா பொரிச்சது வேற லாட்டு. ரெண்டையும் எப்படிங்க சாமி கலக்கறது?"

வேதியியல் இதற்கு என்ன சொல்லும் என்று நான் விளக்கினேன். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை தைக் கிருத்திகைங்க. நான் விரதம். வண்டியில நானும் வரோணும். மீனெண்ணெயில எப்படிங்க ஏறுவேன்?"

மாஸ்டர் குடும்பம் தலைமுறையாகத் தறி நெய்தவர்கள்; முருகனைக் கேட்காமல் வீடு கட்ட மாட்டார்கள், வீட்டுக்கு வெள்ளையும் அடிக்க மாட்டார்கள். ஆகவே முடிவானது: செவ்வாயும் புதனும் அசைவம், வியாழன் சைவம்.

கேன்டீனை நடத்துபவர் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கம். குடும்பத்தோடு இங்கே வந்து பதினைந்து வருடம். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு ஜல்லிக் கரண்டி. அதை ஆட்டிக்கொண்டேதான் பேசுவார்.

"சார், என் எண்ணெயில வண்டி ஓடலைன்னா வண்டியிலதான் கோளாறு, பாத்துக்கிடுங்க. நான் பொரிச்ச சாளை மீனைத் தின்னுட்டு ஒருத்தன் ஒடிசா வரைக்கும் போயிருக்கான்."

"ட்ரெயினில் போயிருப்பார்."

"தெம்பு வேணும்லா?"

பக்கத்து மேசையில் இரண்டு வட இந்தியத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டதைச் செந்தில் மொழிபெயர்த்தான். "அந்தக் கிழட்டு வண்டி நம்ம சமோசா எண்ணெயைக் குடிச்சுத்தான் ஓடப் போகுதாம்." "அப்படியா? வயிறு சரியில்லாம நடுவழியில நின்னா நாம பொறுப்பில்ல."

செவ்வாய் மாலை ஊருக்குள் ஒரு சுற்று. இன்ஜின் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசியது. ரோட்டோரம் காளான் வறுவல் சாப்பிட நிறுத்தினோம். முட்டைக்கோஸையும் மசாலாவையும் கொத்திக் கொத்தி, காளானைப் பெயருக்கு அறிமுகப்படுத்தும் பண்டம் அது. தின்றால் நிறுத்த முடியாது. கார்ப் புகையில் சாளை வாசம் லேசாக வந்தது. காளான் கடைக்காரர் காற்றை மோந்து, "பக்கத்துல எவனோ மீன் கடை போட்டுட்டான் போல" என்று கவலைப்பட்டார்.

புதன்கிழமை பாதிக்குப் பாதி ஊற்றிக் குன்னத்தூர் போனோம். வள்ளியின் சித்தி வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய். சென்னையில் நான் சாப்பிடும் மதியச் சாப்பாட்டை நினைத்து வெட்கமாக இருந்தது. திரும்பும்போது கார் இருமியது. மேட்டில் நின்றே போய்விடுமோ என்று இருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் தார் மாதிரி கறுப்பு. நான் படித்தது அப்படியே நடந்திருந்தது: இருபத்திரண்டு வருடப் பாவமும் கரைந்து வந்து சேர்ந்திருந்தது. புது ஃபில்டர் போட்டதும் வண்டி ஓடியது. வாழ்க்கையில் நான் படித்த ஒன்று நடந்ததும், அதை மைத்துனன் பார்த்ததும் இதுவே முதல் முறை.

அன்று மாலை டேங்கை முழுக்க வடித்தோம். மாஸ்டர் சைவ லாட்டைக் கொண்டுவந்தார். இளம் தேன் நிறம். நான் சோதித்தேன். ஒரு பங்கு எரிபொருளை ஒன்பது பங்கு மெத்தனாலில் குலுக்கினால், எண்ணெய் முழுசாக மாறியிருந்தால் அடியில் எதுவும் தங்காது, தங்கவில்லை. தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். சில நிமிடத்தில் பளிச்சென்று பிரிந்தது. சூடான கரண்டியில் இரண்டு சொட்டு விட்டேன்; கடுகு தாளிப்பது போல வெடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்; சத்தமே இல்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீதமிருந்த அசைவம் பத்து லிட்டர் ஒரு கேனில் இருந்தது. அதை டிக்கியில் வைத்தேன். விடிவதற்குள் மாஸ்டரே சைவத்தை டேங்கில் ஊற்றிவிடுவதாகச் சொன்னார்.

வியாழன் காலை நல்ல பனி. ஹன்னா தங்கியிருந்த ஹோட்டலுக்கு நானும் செந்திலும் மாஸ்டரும் போனோம். கார் அமைதியாக ஓடியது. புகையில் வடை வாசம். ஹன்னா ஐம்பது வயதுக்காரர்; உயரம்; கையில் ஒரு பெரிய ஃபைல். காரை ஒரு சுற்றுச் சுற்றி, "என் அப்பா இப்படி ஒன்று வைத்திருந்தார். அதை விற்ற அன்று அம்மா கேக் செய்தாள்" என்றார். மரியாதைக்குச் சிரித்தோம்.

ஹோட்டலில் அவர் காபி குடிக்க வைத்ததில் ஒரு மணி நேரம் வண்டி குளிரில் நின்றது. கிளம்பி மண்ணரைப் பகுதிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் வீடு, வீட்டுக்குள் தையல் மெஷின், வாசலில் கம்பெனி வேனுக்காக நிற்கும் கூட்டம். நட்டநடுவில் கார் ஒரு முறை குலுங்கியது. இரண்டு முறை விக்கியது. நின்றது.

பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக எழுந்தன. செந்திலின் முகத்தில் அறுபது பேரும் வந்து நின்றார்கள்.

இறங்கி ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக, கொழகொழவென்று, உருகிய மெழுகு திரும்ப உறைந்த மாதிரி ஏதோ இருந்தது. நேற்று நான் சோதித்ததில் இது இல்லை. சத்தியமாக இல்லை.

மாஸ்டர் குனிந்தார். ஒரு துளி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"சாஃப்ட்னருங்க" என்றார்.

"என்ன?"

"துணிக்குக் கடைசியாப் போடறதுங்க. தொட்டா மெத்துன்னு இருக்கறதுக்கு. நீங்க அப்ரூவல் குடுத்தீங்களா... அப்ரூவலுக்கு அப்பறம் ஃபினிஷிங்தானுங்க. விஐபி லாட்டுங்க. கை வெச்சுப் பார்த்தேன், கொஞ்சம் வறட்டுன்னு இருந்துச்சு. விடியக்காலைல சூடு பண்ணி ஒரு பர்சன்ட் போட்டேனுங்க, குளிர்ல உறைஞ்சிருச்சு..."

"டீசலுக்கு ஹேண்ட் ஃபீல் பார்த்தீர்களா!"

"பழக்கமாயிருச்சுங்க சாமி" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

செந்தில் கம்பெனி வேனுக்குப் போன் செய்தான். ஷிப்ட் நேரம், முக்கால் மணி ஆகும் என்றார்கள். ஹன்னாவுக்கு மதியம் வேறொரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனிக்காரன் நிச்சயம் நிற்காத காரில் அழைத்துப் போவான்.

டிக்கியில் அசைவம் இருந்தது. குழாய்ச் சுருளின் மிச்சமும் இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு குழாய். இன்ஜினிலிருந்து மிச்சம் கேனுக்கே திரும்ப இன்னொன்று. இரண்டையும் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து முன்ஜன்னலுக்குள் விட்டேன். கைப்பிடி இல்லாத ஜன்னல் அது. திங்கள் முதல் திறந்தேதான் கிடந்தது. கேனை ஆடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்; குழாயில் காற்று ஏறினால் இன்ஜின் நின்றுவிடும். குழாய் அடைத்தால் உடனே கைப்பம்ப் அடிக்கச் செந்தில் தயாராக இருக்க வேண்டும். நான் ஓட்ட வேண்டும்.

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம்.

மாஸ்டர் கிழக்கே திரும்பி, கண்ணை மூடி, உதட்டை அசைத்தார். என்ன பேச்சுவார்த்தை நடந்ததோ தெரியாது. பிறகு முன்சீட்டில் ஏறி, மீன் பொரித்த டீசல் பத்து லிட்டரைத் தன் வெள்ளை வேட்டிமேல் வாங்கிக்கொண்டார். "தப்பு என்னோடதுங்க. முருகனுக்கு நான் சொல்லிக்கறேன்."

புது ஃபில்டர் போட்டு, பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். நான்காவது முயற்சியில் இன்ஜின் உறுமியது. வேனுக்கு நின்ற கூட்டத்தில் ஒரு தென்மாவட்டக் குரல்: "ஏ, அங்க பாருட்டி! காருக்கு மூக்குல டியூப்பு வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ!" இன்னொரு குரல்: "பெரியவரு சொந்தக்காரரு போலிருக்கு, மடியிலயே வச்சிருக்காரு." கூட்டமே சிரித்தது. பின்சீட்டில் ஹன்னா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். செந்தில், "வாழ்த்துகிறார்கள்" என்று மொழிபெயர்த்தான்.

கம்பெனியில் செந்தில் மூச்சு விடாமல் தன் பசுமைத் திட்டத்தை விளக்கினான். ஹன்னா ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் என் படிவத்தில் காருக்குக் கட்டமே இல்லை. நான் பார்க்க வந்தது தீப்பிடித்தால் வெளியேறும் வழி, கழிப்பறை, கேன்டீன்" என்றார். செந்தில் என்னைப் பார்த்த பார்வையில் என் இன்ஜின், மாஸ்டரின் விரதம், அவனுடைய மூன்று நாள் தூக்கம் எல்லாம் வரிசையில் நின்றன.

வெளியேறும் வழி சரி. கழிப்பறைகளில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, எழுதிக்கொண்டார். பேனா எழுதிக்கொண்டே இருந்தது. கேன்டீனில் நேராக வாணலிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். "இந்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்?"

செந்தில் "எப்பவும் புதுசுதான்" என்று ஆரம்பித்தான். எஸ்தர் ஜல்லிக் கரண்டியால் அவனை நிறுத்தினார்.

"ரெண்டு தடவை சார். பொய் சொல்லாதீய. முந்தி நாலு தடவையும் ஓட்டுனோம், அதுவும் நெசந்தான். இப்ப மூணாவது தடவை போட மாஸ்டர் விடமாட்டாரு. கறுத்த எண்ணெயக் கொண்டு போனா, 'இதைக் கொண்டாந்து என் உயிரை எடுக்கறே'ன்னு சண்டைக்கு வாராரு."

நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லையும் மறைக்காமல். ஹன்னா நிமிர்ந்தார். "எல்லாக் கம்பெனியிலும் இதைக் கேட்கிறேன். எல்லாரும் எப்போதும் புது எண்ணெய் என்கிறார்கள். அப்படியென்றால் பழையது எங்கே போகிறது என்றால் யாருக்கும் தெரியாது. நீங்கள் காட்ட முடியுமா?"

மாஸ்டர் லாட் அட்டைகளைக் கொண்டுவந்தார். நான்கு மாத அட்டைகள். எந்தத் தேதி, என்ன பொரித்தது, எத்தனை தடவை, எத்தனை லிட்டர். ஹன்னா ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசி அட்டையில் என் கையெழுத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. அது என்ன என்றார்.

"சாஃப்ட்னர் ஒரு பர்சன்ட்டுன்னு எழுதியிருக்கேனுங்க."

"வண்டி நின்ற பிறகும் இதைக் கிழிக்கவில்லையா?"

மாஸ்டருக்குக் கேள்வியே புரியவில்லை. "போட்டதை எழுதோணுமுங்களே. எழுதாட்டி அடுத்த லாட்டுல என்னத்தத் திருத்தறது?"

ஹன்னா அட்டைகளை வரிசையாக மேசையில் வைத்துப் படம் எடுத்தார். எஸ்தர் சுடச்சுட வடை வைத்தார். மாஸ்டருக்கு வைக்கவில்லை, ஏன் என்று ஹன்னா கேட்க, காலையிலிருந்து அவர் தண்ணீர் மட்டும்தான் என்று எஸ்தர் சொன்னார். அன்று அந்தப் பெண்மணி தன் ஃபைலை மூடியது அப்போதுதான். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்றார்.

செந்தில் தன் புது ஏசிக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். என் காரின் டேங்கைக் கழுவ ஒரு நாள் முழுசாக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். கேனும் குழாயும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஹன்னா ஏசிக் காரைத் தாண்டிப் போய் என் காரின் முன்கதவைத் திறந்தார்.

"அவர் பின்னால் உட்காரட்டும். ஒன்றும் சாப்பிடவில்லை" என்று மாஸ்டரைக் காட்டினார். மாஸ்டர் பதறிக்கொண்டே செந்திலோடு பின்சீட்டில் ஏறினார். ஹன்னா கேனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஐரோப்பாவின் குழந்தைகளுக்கு என்ன சட்டை போடுவது என்று முடிவு செய்கிற மடி அது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. சாளை வாசம் வண்டிக்குள் நிறைந்தது.

கேட்டைத் தாண்டி வேகம் எடுத்தபோது ஹன்னா திரும்பாமலே கேட்டார்: "செந்தில், ஏப்ரல் பதினைந்துக்குள் முதல் ஷிப்மென்ட் கப்பலில் ஏற முடியுமா?"

இந்த ஊரில் ஆர்டர் தந்தேன் என்று யாரும் சொல்வதில்லையாம், தேதி கேட்பார்கள். செந்திலின் "முடியும் மேடம்" குரல் உடைந்து, இரண்டு தவணையாக வந்தது. மாஸ்டர் "முருகா" என்றார். ஹன்னா மகிழ்ச்சியில் அவர்கள் பக்கம் முழுதாகத் திரும்பினார். கேன் சாய்ந்தது. இன்ஜின் ஒரு விக்கல் விக்கியது.

அறுபது பேரின் வேலையும், ஒரு நாட்டின் கோடையும், என் மைத்துனனின் கண்ணீரும் கூடிவந்த அந்த நேரத்தில் நான் சொன்னது ஒரே வாக்கியம்:

"மேடம், கேனை நேராகப் பிடியுங்கள், காற்று ஏறிக்கொள்ளும்."